துணிக்கிடங்கில் ஒரு மூச்சு

வாசிதி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடைத்தெரு முழுக்க வெல்லப்பாகு வாடை அடித்தது. அரவைக் காலம். கரும்பு லாரிகள் ஆற்றுப் பாலம் வரை வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் மாமர நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் ஆலை இரவும் பகலும் இரைந்தது. அந்த இரைச்சல் டவுனில் யார் காதிலும் விழுவதில்லை. நின்றால்தான் என்னவோ ஏதோவென்று வெளியே வந்து பார்ப்பார்கள்.

அதைத்தான் இப்போது ஒரே ஓர் அறைக்கு வெளியே நிறுத்தியாக வேண்டும்.

வாசிதி, டாக்டர் நஸீமாவின் கிளினிக்கில் நர்ஸ். சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வருவதும், வாத்தியார் சொல்வது காதில் விழாமல் கடைசி பெஞ்சில் மக்குப் பட்டம் வாங்குவதும் டாக்டரை வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்தன. முறையாகக் காதைச் சோதிக்க வேண்டுமென்றால் இந்த வனுவா லெவுத் தீவிலிருந்து ஃபிஜியின் தலைநகர் சுவாவுக்குக் கப்பல் ஏற வேண்டும். எத்தனை தாய்மார் ஏறுவார்கள்? அதனால் டாக்டர் வாசிதியை சுவாவுக்கு அனுப்பிப் பயிற்சி எடுக்க வைத்தார். கிளினிக்கின் பின்கட்டில் ஜன்னலே இல்லாமல் கெட்டிச் சுவர்களோடு கிடந்த பழைய சரக்கறையை, சத்தம் புகாத அறையாக மாற்றித் தரச் சொல்லித் தச்சர் ஜக்தேவிடம் ஒப்படைத்தார்.

"வாங்க சிஸ்டர். செருப்ப வெளியவே விட்டுருங்க, அதுகூட சத்தம் போடுது" என்றார் ஜக்தேவ். தலை, மீசை எல்லாம் வெள்ளைத் தூசு.

"ஒங்க வாய வெளிய விட்டுட்டு வந்தீங்கன்னா பாதி வேல முடிஞ்ச மாதிரிதான் அண்ணே."

"இந்த வாய அடைக்க என் பொண்டாட்டியாலயே முடியல. பஞ்சாலயா முடியும்?"

ஆனால் வேலை சுத்தமாக இருந்தது. பழைய சுவருக்குள், அதைத் தொடாமல், இன்னொரு சுவர். நடுவே கண்ணாடி இழைப் பஞ்சு. மூடிப்போன ஓர் இறைச்சிக் கடையின் குளிர் அறைக் கதவை வாங்கி வந்து, விளிம்பெல்லாம் புது ரப்பர் பட்டை ஒட்டி மாட்டியிருந்தார். கதவுக்குப் பக்கத்தில், பரிசோதிப்பவர் உட்கார ஒரு சின்ன முன்னறை. அங்கிருந்து உள்ளே பார்க்க, இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரு சிறிய சதுர ஜன்னல்.

அன்று கதவைச் சாத்தி முதல்முறையாக அளந்து பார்த்தார்கள். சுவா ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கிய, சத்தத்தை அளக்கும் மீட்டர். முள் வைத்த பழைய வகை. அதை அறைக்குள் நாற்காலிமேல் வைத்துவிட்டு இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். முள் சரிந்தது. ஆலை போயிற்று. தெரு போயிற்று. முன்கூடத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தை போயிற்று. சிவப்புக் கோட்டுக்குக் கீழே முள் விழுந்தால் அறை தயார்.

கோட்டை நெருங்கி, முள் நின்றது.

மெல்ல மேலே ஏறியது. மெல்லக் கீழே இறங்கியது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஏறியது.

"எங்கயோ ஓட்ட இருக்கு" என்றார் ஜக்தேவ்.

அந்த ஓட்டையைத் தேடுவதிலேயே அந்த வாரம் போயிற்று. மருந்துக் குளிர்பெட்டியை நிறுத்திப் பார்த்தார்கள். தண்ணீர் பம்பை நிறுத்தினார்கள். பக்கத்து ரொட்டிக் கடைக்காரனிடம் கெஞ்சி அவனுடைய மாவு பிசையும் இயந்திரத்தைக்கூட நிறுத்தினார்கள். ஆலையைக் கழுவுவதற்காக அரவையை நிறுத்திய நாளில், ஊரே திடுக்கிட்டுத் தெருவுக்கு வந்து நின்றபோது, இவர்கள் இருவரும் உள்ளே ஓடி ஜன்னலில் முகத்தை வைத்தார்கள்.

முள் ஏறியது. இறங்கியது.

"அண்ணே, இது என்ன மிஷினா இருக்கும்?"

ஜக்தேவ் வலது கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். முள் ஏறும்போது மூச்சை இழுத்தார். இறங்கும்போது விட்டார். இடைவெளியில் காத்திருந்தார். மறுபடி இழுத்தார்.

சரியாகப் பொருந்தியது.

வாசிதியின் முன்கை மயிர் சிலிர்த்தது. "வெளையாடாதீங்க" என்றாள்.

"நான் வெளையாடலயே சிஸ்டர்" என்றார் அவர். அன்று முழுக்க அவர் வேறு கேலி எதுவும் பேசவில்லை.

கதவைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. புதுப் பலகை வாடையோ பசை வாடையோ இல்லை. ஈரத்தில் ஊறிக் கிடந்த கோடித் துணியும் ஆற்றுச் சேறும் கலந்த வாடை. தரை காய்ந்துதான் இருந்தது. ஜக்தேவ் குனிந்து, விரலால் மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார்.

சத்தம் தரை வழியாக ஏறுகிறதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். தரையையும் பெயர்த்து, ரப்பர் கட்டைகள்மேல் புதுப் பலகைத் தரை போட்டார். இரண்டு நாள் தனியாக உள்ளே மண்டியிட்டு வேலை செய்தார். மூன்றாம் நாள் வாசிதி எலுமிச்சை இலைத் தேநீர் கொண்டுபோனபோது, அவர் அறைக்கு வெளியே, முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ஆணியும் சுத்தியலும் உள்ளே கிடந்தன.

"என்னண்ணே, வெளிய வந்துட்டீங்க?"

தேநீரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. "சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கல, சொல்லுங்க."

"நான் ஒரு மூலையில ஆணி அடிச்சா, எதிர்மூலையில தரைய யாரோ காலால ஒதைக்கறாங்க. தட்டுனா, ஒதை. நிறுத்துனா, அதுவும் நிறுத்துது. சத்தமாக்கூட இல்ல. முட்டியிலதான் தெரியுது. பலக அதிருதுல்ல, அது."

"எலியா இருக்கும்."

"குதிகால ஊனி ஒதைக்கற எலிய நீங்க பாத்திருக்கீங்களா?"

வாசிதி சிரிக்கவில்லை. அவளும் அன்று காலையில் அந்த வாடையை முகர்ந்திருந்தாள். அறையில் அல்ல, முன்னறை மேசை இழுப்பறையில்.

டாக்டர் நஸீமாவிடம் சொல்லலாம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? அடுத்த வாரம் மூன்று பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவதாக ஏற்பாடு. பெற்றோர் வேலைக்கு லீவு சொல்லியிருந்தார்கள். அறைக்கென்று டாக்டர் தன் கைப்பொருளையும் போட்டு, சுவாவில் நாலு பேரிடம் கெஞ்சிக் காது சோதிக்கும் கருவியை வாங்கி வந்திருந்தார். 'அறை மூச்சு விடுகிறது டாக்டர்' என்று சொல்ல வாசிதிக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் உச்சிவெயில். ஜக்தேவ் கதவுக்கு உள்பக்கமிருந்து திறக்கும் குமிழ் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தார். குளிர் அறைக் கதவில் அந்தக் குமிழ் உடைந்து போயிருந்தது, வெளிப்பிடி மட்டும்தான். வாசிதி ஹெட்போனின் கம்பியைச் சுவர்த்துளையில் செருக உள்ளே போனாள். கதவு விரியத் திறந்திருந்தது. அது தானாகச் சாத்திக்கொள்ளாது, அவ்வளவு கனம். அவள் குனிந்து கம்பியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

காது அடைத்தது.

பஸ் மலையிறங்கும்போது அடைப்பதுபோல. நிமிர்ந்தாள். கதவு சாத்தியிருந்தது.

ஓடிப்போய்த் தள்ளினாள். அசையவில்லை. ரப்பர் பட்டை கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. "யாரது? திறங்க!" என்று கையால் அறைந்தாள். அறைந்த சத்தம் உள்ளங்கையிலேயே செத்துப்போனது. அந்த அறையில் எதுவும் எதிரொலிக்காது.

அப்போது விளக்கு அணைந்தது.

டவுனில் மின்சாரம் போவது புதிதல்ல. முன்கூடத்தில் இந்நேரம் எல்லோரும் விசிறிகொண்டு தாழ்வாரத்துக்கு நகர்ந்திருப்பார்கள். அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். 'டாக்டர்! ஜக்தேவ் அண்ணே!' பத்தடிக்கு அப்பால் ஆட்கள் இருக்கிறார்கள். யாருக்கும் கேட்காது. கேட்கக்கூடாது என்றுதானே இரண்டு சுவர் வைத்துப் பஞ்சு அடைத்திருக்கிறது.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

முதலில் தன் இதயம் கேட்டது. பிறகு காதுக்குள் ரத்தம் ஓடுவது, மெல்லிய சீறலாக. எச்சில் விழுங்கியது கிணற்றில் கல் விழுந்ததுபோலக் கேட்டது. தன் மூச்சு. உள்ளே. வெளியே.

தன் மூச்சு ஒன்றுதானா?

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

எதிர்மூலையில். தாழ்வாக, அவள் இடுப்பு உயரத்தில். ஈரமான, நிதானமான மூச்சு. சளி பிடித்த குழந்தை தூக்கத்தில் விடுவதுபோல.

"யாரு?" என்றாள் வாசிதி.

மூச்சில் மாற்றமில்லை.

"கிட்ட வராத!" என்று அலறினாள். அந்த அலறலில் எந்த உயிரும் ஒரு கணம் திடுக்கிட்டிருக்கும். மூச்சு தன்பாட்டுக்கு ஏறியது, இறங்கியது. அவள் சொன்ன எதையும் அது சட்டை செய்யவில்லை. அதுதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது. கெஞ்சினாள், திட்டினாள். சுவரோடு பேசினாலாவது கொஞ்சம் பயன் இருந்திருக்கும்.

தாங்க முடியாமல், தரையை ஓங்கி உதைத்தாள்.

மூச்சு நின்றது.

பிறகு எதிர்மூலையில் பலகை அதிர்ந்தது. ஓர் உதை. அவள் பாதம் வழியாக முழங்காலுக்கு ஏறியது.

இன்னோர் உதை. கிட்டத்தில்.

இன்னும் கிட்டத்தில்.

அவளுடைய பாவாடையை எதுவோ பற்றியது. மடிப்பைப் பிடித்து, கைமாற்றி கைமாற்றி மேலே ஏறியது. சிறிய விரல்கள். நனைந்து, ஐஸாகச் சில்லிட்டு. வயிற்றைத் தடவி, மார்பெலும்பைத் தாண்டி, மேலே வந்தது. அந்த உயரத்துக்கு ஒரு குழந்தை எட்ட வேண்டுமென்றால் எதன்மேலாவது ஏறி நிற்க வேண்டும். எதன்மேல் ஏறி நிற்கிறது? அறையில் ஒரு நாற்காலி மட்டும்தான். அது கதவோரம், அவளுக்குப் பக்கவாட்டில் இருந்தது.

கை அவள் தொண்டைமேல் படிந்தது.

நெரிக்கவில்லை. உள்ளங்கையை விரித்து, குரல்வளைமேல் வைத்துக்கொண்டு, காத்திருந்தது.

வாசிதிக்குக் கத்த வரவில்லை. சிறுவயதில் மனப்பாடமான ஜெபம் தானாக உதட்டுக்கு வந்தது. "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே..." குரல் உடைந்து உடைந்து வந்தது. முதல் சொல்லிலேயே அந்த உள்ளங்கை இன்னும் அழுந்தியது. விரல்கள் தொண்டையின் அதிர்வைத் தேடித் தேடி நகர்ந்தன. அவள் நிறுத்தினால், விரல்நுனியால் லேசாகத் தட்டியது. இன்னும் சொல் என்பதுபோல. அவள் சொன்னாள். முடிந்ததும் முதலிலிருந்து சொன்னாள். எத்தனை முறை சொன்னாளோ தெரியாது. கண்ணீர் வழிந்து அந்தக் கைமேல் விழுந்தது.

திடீரென்று வெளிச்சம். ஆலையின் இரைச்சல் வெள்ளமாக உள்ளே பாய்ந்தது. ஜக்தேவ் வாசலில், கையில் புதுக் குமிழோடு.

"சிஸ்டர்! கதவ யாரு சாத்துனது?"

அவள் வெளியே வந்து விழுந்தாள். அவர் தாங்கிப் பிடித்தார். அவள் முகத்தைப் பார்த்தவர் பார்வை கீழே இறங்கியது. பிடித்திருந்த கை தானாக விலகியது.

அவள் தொண்டையில் ஒரு சேற்றுக் கைத்தடம். ஆறேழு வயதுப் பிள்ளையின் கை.

டாக்டர் நஸீமா அதிகம் பேசுகிறவர் அல்ல. வாசிதியை உட்கார வைத்து, சர்க்கரை போட்ட தண்ணீர் கொடுத்து, நடந்ததை முழுக்கக் கேட்டார். பஞ்சை எடுத்துத் தொண்டையைத் துடைக்கப் போனவர், பாதியில் கையை இறக்கிவிட்டார்.

"துடைக்க வேண்டாம். கேஷவ்லாலக் கூப்பிடு ஜக்தேவ். கட்டடம் அவரோடதுதானே? இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியும்."

கேஷவ்லால் குஜராத்திக்காரர்; அவர்கள் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், 'பாய்' என்றே டவுனில் அழைப்பார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், மெல்லிய குரல். அந்தக் கட்டடத்தை டாக்டருக்கு வாடகைக்கு விட்ட பிறகு அவர் தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. வாடகை வாங்கக்கூட மனைவி காந்தாபென்தான் வருவாள். இப்போது ஜக்தேவ் கையைப் பிடித்து இழுத்து வந்ததால் வந்தார். "என்ன டாக்டர், கூரை ஒழுகுதா?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தவர், வாசிதியின் தொண்டையைப் பார்த்தார்.

அவருடைய கை மெல்ல எழுந்து தன் தொண்டையைப் பற்றிக்கொண்டது.

"ஹன்சா" என்றார்.

அவரே உட்கார்ந்தார்.

"என் தங்கச்சி. பொறவியிலயே காது கேக்காது, பேச்சும் வராது. ஆனா நான் பேசுனா மட்டும் ஓடி வந்து இப்படிக் கைய வைப்பா. நான் பாடுவேன், கத சொல்லுவேன். கையாலயே கேப்பா. சாப்பிடக் கூப்பிடணும்னா எங்கம்மா தரைய ஒதைப்பாங்க, எங்க இருந்தாலும் ஓடி வந்துருவா."

"இந்த அறை...?"

"எங்க துணிக்கிடங்கு. கட்டடத்துலயே கெட்டியான அறைன்னு, நான் பையனா இருந்தப்ப அடிச்ச பெரிய சூறாவளிக்கு நாங்க அதுக்குள்ளதான் இருந்தோம். அப்பா ஊர்ல இல்ல. நடுவுல ஆறு கரைய ஒடச்சிக்கிட்டு உள்ள வந்துருச்சு. ஒரு போலீஸ்காரரு நீந்தி வந்து, என்னையும் அம்மாவையும் கூரைமேல ஏத்துனாரு. இருட்டுல கை நழுவிப்போன ஹன்சாவத் தேடித் திரும்பிப் போனாரு. வாசல்ல நின்னு 'பாப்பா, பாப்பா'ன்னு கூப்பிட்டிருக்காரு. பதில் இல்ல. உள்ள ஆள் இல்லன்னு திரும்பி வந்துட்டாரு."

அவர் குரல் அடங்கிப்போயிருந்தது. எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது.

"எங்கம்மா கூரையில இருந்து கத்துனாங்க. 'அவளுக்குக் காது கேக்காதுய்யா, உள்ள போய்க் கையால தேடுங்க'ன்னு. அந்தக் காத்துல அவருக்கு அது கேக்கல. அந்த மனுஷன் மேல தப்பில்ல. அப்புறம் தண்ணி ஏறிப்போச்சு. விடிஞ்சு வெள்ளம் வடிஞ்சதும் பாத்தா, துணி மூட்டைங்களுக்கு மேல, உத்தரத்த ஒட்டி, படுத்திருந்தா. ஏறி ஏறிப் போயிருக்கா."

வாசிதிக்கு அந்தக் கை எட்டிய உயரம் நினைவுக்கு வந்தது.

கேஷவ்லால் எழுந்தார். "நான் உள்ள போகணும்."

"வேண்டாம் பாய்" என்றார் ஜக்தேவ். "நான் கதவக் கழட்டிப் போட்டுடறேன். அறையே வேண்டாம்."

"கதவ சாத்து. வெளிச் சத்தம் இருந்தா அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் அவ மூச்சு கேக்கணும்."

மின்சாரம் வந்திருந்தது. விளக்கைப் போட்டு, அவரை உள்ளே விட்டு, ஜக்தேவ் கதவைச் சாத்தினார். பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. வாசிதியும் டாக்டரும் ஜன்னலில் முகத்தை வைத்தார்கள். மூலையில் மீட்டர் இருந்தது. முள் வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கேஷவ்லால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையால் பலகையைத் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். பிறகு சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றி, முகவாயை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் தொண்டைத் தோல் ஓரிடத்தில் அமுங்கி வெளுத்தது.

டாக்டர் நஸீமாவின் விரல்கள் வாசிதியின் கையை இறுகப் பிடித்தன.

அவர் பேசத் தொடங்கினார். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. அவருடைய குரலுக்கு முள் துள்ளித் துள்ளி எழுந்தது. நிறையப் பேசினார். சிரித்தார். ஒருமுறை அழுதார். எதையோ கேட்டார். கேட்டுவிட்டுத் தலையாட்டினார். தன் காதுகளைத் தொட்டுக் காட்டி, ஏதோ சொல்லி, மறுபடியும் தலையாட்டினார்.

அப்போதுதான் வாசிதி மீட்டரைப் பார்த்தாள்.

முள் சரிந்துகொண்டிருந்தது. சிவப்புக் கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டி, கீழே, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

கேஷவ்லாலின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து வந்து ஜன்னலில் தட்டினார். ஜக்தேவ் கதவைத் திறந்தார். "பாய், என்ன ஆச்சு? போயிட்டாளா?" என்று கேட்டார். கேஷவ்லால் அவர் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். பதில் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று மறுபடி கேட்காமல் விட்டார்கள். அவர் தாழ்வாரத்தைக் கடந்து தெருவில் இறங்கினார். கரும்பு லாரி ஒன்று பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல், இடது கையை உடம்பிலிருந்து சற்றே விலக்கி, சிறு பிள்ளையின் நடைக்குத் தக்கபடி மெல்ல நடந்து போனார்.

அதற்குப் பிறகு அறை அமைதியாகிவிட்டது. ஜக்தேவ் மூன்று நாள் விடாமல் அளந்தார்; முள் அடியிலேயே கிடந்தது. வாடையும் இல்லை. "சுவாலகூட இப்படி ஒரு அறை இருக்காது சிஸ்டர்" என்று அவருடைய வாய் திரும்பி வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காதில் ஒலி கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்துவார்கள். வெளியே வாசிதியின் மேசையில் ஒரு பச்சை விளக்கு எரியும். மக்கு என்று பெயர் வாங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்குக் காதுதான் கோளாறு என்று தெரிந்தது. தாய்மார் வாசிதிக்கு அன்னாசியும் மரவள்ளியும் கொண்டுவந்து குவித்தார்கள். அவள் மட்டும் கதவுக்கு எப்போதும் ஒரு கட்டை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

அரவை முடிந்து மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காந்தாபென் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இவருக்கு என்னன்னு பாருங்க சிஸ்டர். அன்னிக்கு இங்க வந்துட்டுப் போனதுலேருந்து எது சொன்னாலும் காதுல வாங்கறதில்ல, வாயும் திறக்கறதில்ல. கடையில ஆளுங்க கூப்பிட்டாத் திரும்பறதில்ல. எனக்கு என்னவோ நடிக்கிறாருன்னு தோணுது. நாப்பது வருஷமா என் பேச்சக் கேட்டு அலுத்துப்போச்சாம்!"

டாக்டர் நஸீமா அவருக்குப் பின்னால் நின்று ஓர் எஃகுத் தட்டைத் தரையில் போட்டார். முன்கூடமே அதிர்ந்தது. கேஷவ்லாலின் இமைகூட ஆடவில்லை. ஆனால் ஆள் நன்றாகத்தான் இருந்தார். முகம் தெளிந்திருந்தது, கொஞ்சம் சதைகூடப் பிடித்திருந்தது.

வாசிதி சைகை காட்டி அவரை அறைக்கு அழைத்துப் போனாள். நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். அகலமான நாற்காலி. அவர் வலது ஓரமாக ஒண்டி, பாதியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்.

ஹெட்போனை மாட்டிவிட்டாள். பொத்தானைக் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, புன்னகையோடு, நாற்காலியின் காலி இடத்தில் வைத்தார். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார்.

சரி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று வாசிதி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். மேசைமுன் உட்கார்ந்தாள். காந்தாபென் அவளுக்குப் பின்னால் நின்றாள். அங்கிருந்து ஜன்னல் தெரியாது, மேசைதான் தெரியும்.

வாசிதி ஒலியை அனுப்பினாள். பலமாகவே.

பச்சை விளக்கு எரிந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் கைகள் மடியில் கோத்தபடி இருந்தன. கண்கள் மூடியிருந்தன.

குறைத்தாள். விளக்கு எரிந்தது. இன்னும் குறைத்தாள். விளக்கு எரிந்தது. நல்ல காதுள்ள பிள்ளைகள்கூடத் தயங்கும் இடம் வந்தது, தயங்காமல் எரிந்தது. அந்தக் கருவியால் எழுப்பக்கூடிய கடைசி ஒலி, இருக்கிறதா இல்லையா என்று வாசிதிக்கே தெரியாத ஒலி. உடனே எரிந்தது.

"பாத்தீங்களா!" என்றாள் காந்தாபென். "எனக்குத் தெரியும். நல்லாத்தான் கேக்குது. எல்லாம் நடிப்பு!"

வாசிதி கருவியை அணைத்தாள். விளக்கும் அணைந்தது. உள்ளே கேஷவ்லால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பொத்தான் அவருக்குப் பக்கத்தில், காலி இடத்தில் கிடந்தது.

வாசிதி ஜன்னல் பக்கம் குனிந்தாள். பின்னால் நின்ற காந்தாபென்னுக்குக்கூடக் கேட்காதபடி, இரண்டு கண்ணாடிக்கும் இரண்டு சுவருக்கும் இந்தப் பக்கத்திலிருந்து, உதடு மட்டும் அசைய, "ஹன்சா" என்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

அணையவில்லை.